ரம்புத்தான் மரத்தில் வந்து அமர்ந்த ஆந்தை



பங்குனி பிறந்து நாலைந்து நாளான ஒரு காலை நேரத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். கிள்ளான் பக்கம் ஒரு தாமான். வரிசை வீடுகளின் கடைசியில் ஒரு முனை வீடு. முனை வீடு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் மண் தரை உண்டு. அங்கே ஒரு ரம்புத்தான் மரம், ஒரு கறிவேப்பிலை, வேலியோரம் செம்பருத்தி. எந்தத் தாமான், யார் வீடு என்று கேட்க வேண்டாம். பினாங்கிலிருந்து ஜொகூர் வரை, மேற்குக் கரையோரத்தில் மார்ச் மாதம் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய ஒன்றுதான் இங்கே ஒரு வீட்டுக் கதையாகச் சொல்லப்படுகிறது.

காலை ஏழரை மணி. காக்கைகளின் கூச்சல் தாங்கவில்லை. ஒன்றிரண்டு அல்ல, இருபது இருக்கும். வாசல் கூட்டப் போன பாட்டி துடைப்பத்தோடு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். தாழ்வான ஒரு கிளையில், இலைக் கொத்துக்கு நடுவே, பழுப்பாக ஏதோ ஒன்று. முதுகு இந்தப் பக்கம் இருந்தது. உடம்பு அசையவே இல்லை. தலை மட்டும் மெல்லத் திரும்பி, முதுகுப் பக்கமாகவே பாட்டியைப் பார்த்தது. மஞ்சள் நிறத்தில் இரண்டு பெரிய கண்கள்.

துடைப்பம் கீழே விழுந்தது. "ஐயோ, ஆந்தை!"

சாதாரண நாளாக இருந்திருந்தால் பாட்டி இரண்டு கல்லை விட்டெறிந்துவிட்டுப் போயிருப்பார். அது சாதாரண நாள் அல்ல. வீட்டுக்குள் முன்னறைக் கட்டிலில் தாத்தா படுத்திருந்தார். இருதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து ஒன்பதாவது நாள். நெஞ்சுத் தையல் இன்னும் ஆறவில்லை. இருமினால் தலையணையை அணைத்துக்கொண்டுதான் இருமுவார். இரவெல்லாம் பாட்டி அவர் மூச்சைக் கேட்டபடியே படுத்திருப்பார். அந்த நிலையில் ஆந்தை வேறு வாசலுக்கு வந்து உட்கார்ந்தால், ஒரு மனைவிக்கு என்ன தோன்றும்?

"வேண்டாதது வாசலுக்கே வந்திடுச்சு. தம்பி, அந்தக் கழியை எடு. அடிச்சு விரட்டு" என்றார். பதினைந்து வயதுப் பேரன் துணி காயப்போடும் கழியோடு ஓடி வந்தான். அவனுக்குச் சாவும் தெரியாது, சகுனமும் தெரியாது. அடிக்க ஒன்று கிடைத்தது என்ற உற்சாகம்தான். அவனை நிறுத்தியது அவன் அக்காள். "கழியைக் கீழ போடு. பாட்டி, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, பறவை பார்க்கும் பழக்கமுள்ள தன் பழைய அறிவியல் ஆசிரியருக்கு அனுப்பினாள்.

பதில் வருவதற்குள் அக்கம்பக்கம் கூடிவிட்டது. எதிர்வீட்டு மக்சிக் வந்து பார்த்துவிட்டு "பூரோங் ஹந்து" என்றார். பேய்ப் பறவை என்று பொருள். மலாய் மொழியில் ஆந்தைக்குப் பொதுப்பெயரே அதுதான். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரும் நெற்றியைச் சுருக்கினார். இரவுப் பூனை வீட்டுக்குள் வந்தால் காரணமில்லாமல் வராது என்ற பொருளில் சீன மொழியில் ஒரு பழமொழி உண்டு. இரவுப் பூனை என்றால் ஆந்தை. குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்பதில்கூட ஒத்துப்போகாத மூன்று வீட்டாரும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

நேயர்களே, பாட்டியைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அவருடைய அச்சம் வெறுங்காற்றில் பிறந்ததல்ல. பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். அந்த நாளில் லயத்தில் ஒருவர் நோயில் கிடந்தால் இரவு முழுக்க விளக்கு எரியும். மற்ற வீடெல்லாம் இருண்டு கிடக்க, அந்த ஒரு வாசலில் மட்டும் வெளிச்சம். வெளிச்சத்துக்கு விட்டில் வரும், வண்டு வரும். வண்டைத் தின்ன ஆந்தை வரும். கூரை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு குரல் கொடுக்கும். இரண்டு நாள் கழித்து நோயாளி போய்விட்டால், விளக்கை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, வண்டையும் நினைப்பதில்லை. ஆந்தை அலறியதுதான் நினைவில் நிற்கும். அலறிச் செத்தவர் கணக்கை ஊர் வைத்திருக்கிறது. அலறியும் பிழைத்தவர் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை.

சரி, ரம்புத்தான் மரத்தில் இருந்தது என்ன பறவை?

ஆசிரியரின் பதில் பத்து நிமிடத்தில் வந்தது. மேலே கரும்பழுப்பு, வயிற்றில் வெள்ளை மேல் பழுப்புக் கோடுகள், மஞ்சள் கண், காதுக் குஞ்சம் கிடையாது, மற்ற ஆந்தைகளுக்கு உள்ளதுபோல வட்டமான தட்டு முகமும் கிடையாது. கொஞ்சம் வல்லூறு போன்ற சாயல். தமிழ்ப் பறவை நூல்களில் இந்த வகைக்கு வேட்டைக்கார ஆந்தை என்று பெயர். தலை முதல் வால் வரை 30 சென்டிமீட்டர். எடை ஒரு நல்ல மாம்பழம் அளவு, 200 கிராம் சுமார். பெரும்பாலும் வண்டு, விட்டில், சில்வண்டு தின்று வாழ்வது.

மலாய்க்காரர்கள் இந்த வகையைப் 'புங்குக்' என்பார்கள். புங்குக் நிலாவுக்கு ஏங்கியது போல என்று கைக்கு எட்டாத காதலைச் சொல்லும் மலாய்ப் பழமொழி இந்தப் பறவையைப் பற்றியதே. பேய் என்று சொன்ன அதே மக்சிக், புங்குக் என்று பெயரைக் கேட்டதும் முகம் மாறிச் சிரித்தார். ஒரே பறவைதான். பேய் என்றால் ஒரு முகம், காதலன் என்றால் ஒரு முகம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வேட்டைக்கார ஆந்தையில் இரண்டு இனம் இந்த நாட்டில் காணப்படும். ஒன்று இங்கேயே காட்டோரங்களில் குடியிருப்பது. அதன் உறவினங்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும்கூட உண்டு. மற்றொன்று ஜப்பான், கொரியா, சீனாவின் வடகிழக்கு, ரஷ்யாவின் தூரகிழக்கு ஆகிய இடங்களில் குஞ்சு பொரித்து, குளிருக்குத் தெற்கே இறங்கி வருவது. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நெடுங்காலம் ஒரே இனமாகத்தான் எண்ணினார்கள். பென் கிங் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் 2002-இல், குரல் வேறுபடுகிறது, ஆகவே இவை தனித்தனி இனங்கள் என்று எழுதினார். பிறகு அது ஏற்கப்பட்டது. ஆனால் வடக்கிலிருந்து வந்தது இங்கே இருக்கும்வரை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை! ஆகவே ஆசிரியர் உறுதியாகச் சொல்லவில்லை. காட்டையே காணாத தாமான், மார்ச் மாதம், நேற்றுவரை இல்லாத பறவை, அசையாமல் களைத்து உட்கார்ந்திருக்கிறது. வடக்கே திரும்பிப் போகும் வழியில் இறங்கியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார். அவர் அனுப்பிய கடைசி வரி இதுதான்: தொடாதீர்கள், இருட்டும்வரை விட்டுவிடுங்கள்.

நமக்கு வசந்தம் என்று ஒரு பருவம் கிடையாது. வெயில், மழை, மறுபடி வெயில். ஆனால் வசந்தத்தைத் தேடிப் போகிறவர்கள் நம் தலைக்கு மேலேதான் போகிறார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவானுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மலாக்கா நீரிணை மிகக் குறுகும் பகுதி அது. எதிரே சுமத்ரா ஓரத்தில் ரூபாட் தீவு, 40 கிலோமீட்டருக்குள். தேன் பருந்துகள் அங்கிருந்து கடலைத் தாண்டி, கலங்கரை விளக்கக் குன்றின்மேல் தலையைத் தொடுவதுபோல வந்து சேரும். ஒரு பருவத்தில் பல்லாயிரம். மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டு முதல் மார்ச்சில் அங்கே பருந்து பார்க்கும் விழா நடத்தி வந்திருக்கிறது. குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கிறார்கள்.

பருந்துக்குச் சூடான காற்று வேண்டும். வெயிலில் தரை சூடேறி எழும் காற்றில் சிறகை விரித்துச் சுற்றிச் சுற்றி மேலே ஏறி, பிறகு சறுக்கிக்கொண்டே போகும். அதனால் அது பகல் பயணி. நாலு பேர் பார்க்கப் போகிறது. ஆந்தை அப்படியல்ல. இரவெல்லாம் சிறகடித்துப் பறக்கிறது. காற்று குளிர்ந்திருக்கும், வல்லூறுகள் தூங்கிவிடும், நட்சத்திரம் தெரியும். அதை எண்ண எவரும் நாற்காலி போட்டு உட்காருவதில்லை. எத்தனை போயின என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

நடுக்கடலில் விளக்கு வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. சிலாங்கூர்க் கரைக்கு அப்பால் நீரிணையின் நடுவே ஒன் ஃபாதம் பேங்க் கலங்கரை விளக்கம் இருக்கிறது. மலாயில் பெர்மாத்தாங் செடெப்பா. அதன் வெளிச்சத்தில் மயங்கி வந்து விழுந்த பயணப் பறவைகளை நூறாண்டுக்கு முன்பே சேகரித்துப் பட்டியல் போட்டார்கள். அன்று கடலில் ஒரு விளக்கு. இன்று கரை முழுக்க விளக்கு, அதோடு கண்ணாடிக் கட்டடங்கள். சிங்கப்பூரில் நீலச் சிறகுப் பிட்டா போன்ற பயணப் பறவைகள் கட்டடங்களில் மோதி விழுவது ஒவ்வொரு பருவமும் நடக்கிறது. விழுந்தவற்றை அங்குள்ள லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் ஆய்வுக்காகச் சேர்த்து வைக்கிறது. பறவை பார்க்கும் கூடத்தில் அவை கண்ணாடிப் பெட்டிக்குள் போகும் வழி இதுவாக இருப்பது வருத்தத்துக்குரியது.

மறுபடி ரம்புத்தான் மரத்துக்கு வருவோம். காக்கைகள் விட்டபாடில்லை. ஒன்று பின்னாலிருந்து வந்து வாலைப் பிடித்து இழுத்தது. மற்றொன்று தலைக்கு மேல் பாய்ந்தது. ஆந்தை கண்ணை ஒடுக்கிக்கொண்டு கிளையோடு ஒட்டிக்கொண்டது. காலமறிதல் என்ற அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வள்ளுவர் இந்தச் சண்டையை உவமையாக வைத்திருக்கிறார். தன்னைவிட வலிய கூகையைக் காக்கை பகலில் தோற்கடித்துவிடும் என்றார். அரசர்களுக்குச் சொன்ன உவமை அது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் எவரோ ஒரு முற்றத்தில் நின்று பார்த்தது, அன்று அந்த முனை வீட்டில் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

அந்தக் காக்கைகளின் கதையையும் கேளுங்கள். சாம்பல் கழுத்துக் காக்கை இந்த நாட்டுப் பறவை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காக்கை தங்கிவிட்டது. பின்னாளில் ஆள் வைத்துச் சுட வேண்டிய அளவுக்குப் பெருகியது. நம் முன்னோர் வந்த அதே காலத்தில், அதே துரைமார் ஏற்பாட்டில், கப்பலேறி வந்த கூட்டம்! வடக்கே கடல் தாண்டி வீட்டுக்குப் போகிற ஒரு பயணியை, கடல் தாண்டி வந்து குடியேறிய கூட்டம் ஒன்று, இது எங்கள் இடம் என்று விரட்டிக்கொண்டிருந்தது. இதை இதற்கு மேல் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஜப்பான் ஆந்தையா இருந்தா என்ன, நம்ம ஊர் ஆந்தையா இருந்தா என்ன? ஆந்தை ஆந்தைதானே?" என்றார். நியாயமான கேள்விதான்.

அப்போதுதான் முன்னறைச் சன்னலிலிருந்து குரல் வந்தது. தாத்தா எழுந்து உட்கார்ந்திருந்தார். "என்னா சத்தம் அங்க? ஆந்தையா? எங்க, காட்டு பார்ப்போம்."

தாத்தா முப்பது ஆண்டுக்கு மேல் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட காலத்தில் கூடவே எலியும் பெருகியது. உதிர்ந்த செம்பழம் எலிக்கு விருந்து. மருந்து வைத்து மாளவில்லை. கூகை என்று நாம் சொல்லும் வெள்ளை முக ஆந்தை அதற்கு முன்பு தீபகற்பத்தில் அரிதாகவே இருந்தது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து செம்பனைத் தோட்டங்களில் குஞ்சு பொரிக்கத் தொடங்கியது. ஒரு சோடி, குஞ்சுகளோடு சேர்ந்து, ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று கணக்கிட்டார்கள். உடனே நிர்வாகங்கள் கம்பம் நட்டு மேலே மரப்பெட்டி கட்டத் தொடங்கின. பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்பது போல ஒரு கணக்கு.

பெட்டியைச் செய்தது யார்? கம்பத்தில் ஏறிக் கட்டியது யார்? ஆந்தை என்றால் சாவு என்று கேட்டு வளர்ந்த நம் தோட்டத்து ஆட்கள்தான். முதலில் முகம் சுளித்தார்கள். நிர்வாகம் சொல்கிறதே என்று செய்தார்கள். ஓராண்டு கழித்துப் பெட்டியைச் சுத்தம் செய்யத் திறந்தால், உள்ளே எலி மண்டை ஓடும் எலும்பும் முடி உருண்டையுமாக ஒரு படி சேர்ந்திருக்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு எவனும் கல் எறியவில்லை. பெட்டியில் கல் எறிந்த பையன்களைப் பெரியவர்களே விரட்டினார்கள்.

ஒரு கெட்ட காலமும் வந்தது. எலிக்கு வீரியமான புதுவகை மருந்துகளை 1980-களில் தோட்டங்களில் வைத்தபோது, கூகைகளின் எண்ணிக்கை விழுந்தது. அந்த மருந்து தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடுகிற எலிதான் ஆந்தைக்கு முதலில் அகப்படும். நஞ்சு எலி வழியாக ஆந்தைக்குப் போய்ச் சேரும். இதைத் தாமான்வாசிகள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சாக்கடை ஓரத்தில் நீலக் கட்டியாகவும் சிவப்பு நெல்லாகவும் நாம் வைத்துவிட்டு மறந்துபோகிற மருந்து பெரும்பாலும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. எலிக்கூண்டு வைத்தால் வேலை கொஞ்சம் அதிகம். ஆனால் செத்தது எது என்று தெரியும்.

தாத்தாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து போர்ட்டிகோ நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மரத்தை நெடுநேரம் பார்த்தார். "இது கூகை இல்ல. கூகைக்கு மூஞ்சி வெள்ளையா, ஆப்பிளைப் பிளந்து வச்ச மாதிரி இருக்கும். இது சின்னது" என்றார். பிறகு பாட்டி பக்கம் திரும்பினார். "தோட்டத்துல அறுபது பெட்டி பார்த்துக்கிட்டேன். ராத்திரி ராத்திரி தலைக்கு மேல கத்தும். சாகிறதா இருந்தா நான் அறுபது வாட்டி செத்திருக்கணும். இது என்னைக் கூப்பிட வரல. அதுவே களைச்சுப் போய் வந்திருக்கு. பேசாம விடு."

பாட்டி பதில் சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இணங்கினாரா, சலித்துக்கொண்டு போனாரா என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் போகிற போக்கில் பூனையைப் பிடித்துக் குளியலறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்.

அன்றைய பகல் முழுவதும் செய்ய வேண்டியது மிகக் குறைவாகத்தான் இருந்தது. அதுதான் பையனுக்குக் கடினமாக இருந்தது. அவன் சோறு வைக்கலாமா என்றான். வேண்டாம், ஆந்தைக்குச் சோறும் ரொட்டியும் ஆகாது. பால்? வேண்டவே வேண்டாம். இறக்கி ஒரு பெட்டியில் வைக்கலாமா? காயம் இல்லாதபோது பிடிப்பதே காயம். நண்பர்களை அழைத்துக் காட்டலாமா? நாலு பேர் வந்தால் நாற்பது பேர் வருவார்கள், பிளாஷ் அடிப்பார்கள், பயந்து பறந்தால் பட்டப்பகலில் காக்கைக் கூட்டத்துக்கு நடுவே போய் விழும். கடைசியில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. மரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். ஆள் இருந்தால் காக்கை அஞ்சும். காலையில் அடிக்க எடுத்த கழி இப்போது காக்கை ஓட்டப் பயன்பட்டது. பதினோரு மணிக்குள் காக்கைகள் சலித்துப்போய்க் குப்பைத் தொட்டிப் பக்கம் கிளம்பிவிட்டன. ஆந்தை கண்ணை மூடியது.

பறவை அடிபட்டிருந்தால் நடைமுறை வேறு. சன்னல் கண்ணாடியில் மோதித் தரையில் கிடந்தாலோ, ஒரு சிறகு தொங்கினாலோ, துண்டைப் போர்த்தி எடுக்க வேண்டும். நகம் கூர்மையானது, வெறுங்கை கூடாது. காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, இருட்டான அமைதியான மூலையில் விட வேண்டும். தண்ணீர் புகட்டக் கூடாது. மலேசியாவில் பெர்ஹிலித்தானுக்கும், சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்துக்கும் சொல்லலாம். குட்டியாக இருக்கிறதே, வளர்ப்போம் என்று எவரும் நினைக்க வேண்டாம். மலேசியாவின் 2010 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமமின்றி வைத்திருப்பது குற்றம், சிங்கப்பூரிலும் அப்படியே.

மாலை நாலு மணிக்கு மழை கொட்டியது. ஆந்தை இறகை ஒடுக்கிக்கொண்டு அங்கேயே நனைந்தது. பாட்டி சமையலறைச் சன்னல் வழியாக இரண்டு முறை எட்டிப் பார்த்ததை மருமகள் கவனித்தார், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மழை விட்ட பிறகு பேத்தி, தான் இணையத்தில் படித்ததைத் தாத்தாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜப்பானில் இந்தப் பறவைக்கு 'ஆவோபா சுக்கு' என்று பெயர். ஆவோபா என்றால் பச்சை இலை. குளிர் முடிந்து மரங்களில் புது இலை விடும் ஏப்ரல், மே மாதங்களில் வந்து சேருவதால் அந்தப் பெயர். ஊர்க் கோயில்களில் நிற்கும் முதுமரங்களின் பொந்துகளில் முட்டையிடும். பெண் உள்ளே அடைகாக்க, ஆண் பகலெல்லாம் பக்கத்துக் கிளையில் காவல் உட்கார்ந்திருக்கும். அது வந்தால் வசந்தம் போய்க் கோடை தொடங்குகிறது என்று ஊர் மகிழும். ஆந்தையைக் குறிக்கும் 'புக்குரோ' என்ற ஜப்பானியச் சொல்லை வேறு எழுத்தில் எழுதினால் துன்பமில்லை என்று பொருள் வரும். அதனால் ஆந்தைப் பொம்மை வாங்கி வீட்டில் வைப்பார்கள். இப்போது முதுமரங்கள் குறைந்துவிட்டதால், வந்து சேருகிற ஆந்தைகளும் அங்கே பல வட்டாரங்களில் அருகிவிட்டன.

"ஒரு ஊர்ல துன்பமில்லைன்னு பேரு. இன்னொரு ஊர்ல சாவுன்னு பேரு. பாவம், அதுக்கு ரெண்டுமே தெரியாது" என்றார் தாத்தா.

இரவு ஏழரை. சூரியன் இறங்கிவிட்டது. சுராவிலிருந்து பாங்கு ஒலித்து ஓய்ந்தது. கிளையில் ஆந்தை ஒரு பக்கச் சிறகையும் காலையும் நீட்டிச் சோம்பல் முறித்தது, பிறகு மறுபக்கம். உடம்பைச் சிலிர்த்து ஈரத்தை உதறியது. தலை நாலாபுறமும் திரும்பியது. காலையில் கண்ட பறவையா இது என்று கேட்கும்படி, ஓர் அங்குலம் உயரமாகிவிட்டது போலிருந்தது.

போர்ட்டிகோ விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மரத்துக்கு நேராக விழும் வெள்ளை வெளிச்சம். பேத்தி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து பாட்டி வந்து விசையைத் தட்டி அணைத்தார். நோயாளி இருக்கும் வீட்டில் விளக்கு அணையக்கூடாது என்று ஒன்பது நாளாக இரவு முழுக்க எரிய விட்டவர் அவர்.

இருட்டில் கண் பழகும்வரை எவருக்கும் எதுவும் தெரியவில்லை. பிறகு தெருவிளக்கின் கீழே ஒரு நிழல் குறுக்கே போனது. விளக்கைச் சுற்றிய வண்டு ஒன்றைக் காலால் பற்றிக்கொண்டு கூரைக்கு மேல் எழும்பி மறைந்தது. சத்தமே இல்லை.

உள்ளே வந்து தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது பாட்டி கேட்டார். "இனிமே எங்க போவும் அது?"

"ஜப்பானோ கொரியாவோ. ஐயாயிரம் கிலோமீட்டர் இருக்குமாம்."

"அவ்வளவு தூரமா?" பாட்டி தண்ணீர்க் குவளையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "காலையில இருந்து ஒண்ணுமே தின்னல. ஒரு வண்டு போதுமா அதுக்கு?"